தலையைச் சுமந்தவர் யார்?

சீக்கிய ஓவியங்களில் யார் யார் என்று கண்டுபிடிப்பது எளிது என்பார்கள். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இருந்தால் குரு. வெண்தாடியும் ஆசி வழங்கும் கையும் என்றால் நானக். தலைப்பாகையில் கல்கி, கையில் வெள்ளைப் பருந்து என்றால் கோவிந்த் சிங். நானக்கின் பக்கத்தில் ரபாப் மீட்டுபவர் மர்தானா, சாமரம் வீசுபவர் பாலா. முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சில ஆண்டுகளாக இந்தப் படங்களைப் பார்த்து வருகிறேன். ஒளிவட்டம் இல்லாதவர்களிடம் வந்ததும் இந்தப் பாடம் நின்றுவிடுவதையும் பார்க்கிறேன்.

ஒரு கண்காட்சியில், சிறுவனான கோவிந்தின் முன்னால் மண்டியிட்டு, துணியில் பொதிந்த தலையை நீட்டுபவரைக் காட்டி, "இவர் யார்?" என்று கேட்டேன். "ஒரு பக்தர்" என்றார் விளக்கிக்கொண்டிருந்தவர்.

அவர் பாய் ஜைத்தா. 1675-இல் டெல்லியில் குரு தேக் பகதூரின் தலை வெட்டப்பட்டபோது, முகலாயக் காவலை மீறி அதை ஆனந்த்பூருக்குச் சுமந்து வந்தவர். துப்புரவுத் தொழில் சுமத்தப்பட்ட தீண்டப்படாத சாதியில் பிறந்தவர். குரு அவரை மகனே என்று தழுவிக்கொண்டதாக மரபு சொல்கிறது. தழுவிய குரு எல்லோருக்கும் நினைவிருக்கிறார், தழுவப்பட்டவர் "ஒரு பக்தர்" ஆகிவிட்டார்!

1699-இல் தலை கொடுக்க முன்வந்த ஐவரையும் பாருங்கள். காலண்டர் படங்களில் ஒரே உடை, ஒரே தாடி, ஒரே முகம். ஆனால் மரபின்படி அவர்களில் ஒருவர் தண்ணீர் சுமப்பவர், ஒருவர் துணியில் அச்சிடுபவர், ஒருவர் நாவிதர்.

"சாதியை அழித்தது நல்லதுதானே? மறுபடி ஏன் கிளறுகிறீர்கள்?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐவரும் ஒரே கிண்ணத்தில் அமிர்தம் பருகியதன் பொருளே அதுதான். சாதி உண்மையிலேயே ஒழிந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொள்வேன். ஒழிந்ததா? 1920 அக்டோபரில், தலித் சீக்கியர்கள் கொண்டுவந்த பிரசாதத்தைப் பொற்கோயில் பூசாரிகள் ஏற்க மறுத்தார்கள். இன்றும் பஞ்சாப் கிராமங்களில் தலித்துகளுக்குத் தனி குருத்வாரா, தனிச் சுடுகாடு. 2011 கணக்கெடுப்பின்படி அம்மாநில மக்களில் 31.9 விழுக்காட்டினர் தலித்துகள். நிலமோ பெரும்பாலும் ஜாட்டுகளின் கையில். ஊரில் சாதியை வைத்துக்கொண்டு படத்தில் மட்டும் அழிப்பது சாதி ஒழிப்பு அல்ல, சாட்சியை ஒழிப்பது.

ரவிதாஸ் படங்களைப் பாருங்கள், வித்தியாசம் புரியும். குரு கிரந்த் சாகிபில் பாடல்கள் இடம்பெற்ற அவர், பல படங்களில் தோலும் ஊசியுமாகச் செருப்புத் தைத்துக்கொண்டே ஒளிவட்டத்தோடு இருக்கிறார். தொழிலையும் மறைக்கவில்லை, தலையும் குனியவில்லை. அந்தப் படத்தைச் சேரி வீடுகளில் மாட்டியவர்கள் அந்த மக்களே. 2009-இல் வியன்னா குருத்வாராவில் அவர்களுடைய துறவி ராமானந்த் கொல்லப்பட்டார். மறு ஆண்டே ஒரு பகுதியினர் ரவிதாசியா என்ற தனிச் சமயத்தை அறிவித்தார்கள். அவர்கள் ஏன் வெளியேறினார்கள் என்று கேட்பவர்கள், ஜைத்தாவின் பெயரைத் தாங்கள் எப்போதாவது உச்சரித்ததுண்டா என்று முதலில் யோசிக்கட்டும்.

நான் கேட்பது புதிய ஓவியங்களை அல்ல. இருக்கும் ஓவியங்களுக்குக் கீழே பெயர் எழுதுங்கள். குருவின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில்: பாய் ஜைத்தா.