கடல் கடந்து வரும் மலிவுச் சரக்கு



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் கழக்கூட்டம் பக்கம் கட்டிடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். மனைவி நான்கு வீடுகளில் வேலை செய்பவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இருபது ஆண்டுகளாகச் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். அவர்கள் மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு மடிக்கணினி வேண்டும். புதிது வாங்கக் கையில் வசதியில்லை.

லண்டனில் வேலை பார்க்கும் தமிழர் என்று ஒருவன் செல்போனில் அறிமுகமானான். தான் பயன்படுத்திய கணினியை 14,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னான். 'அண்ணா, அக்கா' என்று பேசினான். 7,000 ரூபாய் முன்பணம் போயிற்று. நான்காம் நாள் 'டில்லி விமான நிலையச் சுங்க அலுவலகத்திலிருந்து பேசுகிறோம்' என்று ஒரு பெண் குரல் வந்தது. வரி 12,500 என்றாள். கட்டினார்கள். பிறகு பழைய பொருளை அனுமதியின்றி வரவழைத்த குற்றத்துக்கு அபராதம் 28,000, கட்டாவிட்டால் போலீஸ் வரும் என்றாள். சீட்டுப் பணமும் அக்காவின் கம்மலும் அதில் போயின. ஆக மொத்தம் 47,500 ரூபாய். கணினி வரவில்லை.

எப்போது நம்மிடம் வந்தார்கள்? பதினோரு நாள் கழித்து. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டோம். 'வெளியே சொன்னால் சிரிப்பார்கள்' என்றார் அந்தத் தோழர். இந்த வெட்கம்தான் திருடனுக்குப் பாதுகாப்பு. ஆகவேதான் இந்தத் தலையங்கத்தை எழுதுகிறோம்.

பழைய பொருள் வாங்குவது குற்றமல்ல, கேவலமுமல்ல. பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே பர்மா பஜார் உருவானது. நம் ஊர் பீமாபள்ளியிலும் வளைகுடாவிலிருந்து வந்த சாமான்கள் விற்ற காலம் நமக்கெல்லாம் தெரியும். அங்கேயும் ஏமாற்று உண்டு. ஆனால் ரேடியோவைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தோம். விற்றவன் மறுநாளும் அதே இடத்தில் நின்றான். இன்றோ பொருளும் தெரியாது, ஆளும் தெரியாது. ஒரு படமும் ஒரு குரலும்தான் கடை.

அந்தக் குரல் தமிழில் பேசுகிறது என்பதுதான் நம் பலவீனம். அயல் மண்ணில் பிழைப்பவனுக்குத் தாய்மொழி கேட்டால் நெஞ்சு இளகும். அதை அவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். சில ஆண்டுகளாக நாட்டின் பல நகரங்களில் இன்னொரு வேடமும் நடக்கிறது. ராணுவ வீரர், விமான நிலையத்துப் பாதுகாப்புப் படைவீரர் என்று அடையாள அட்டையைக் காட்டி, 'மாற்றலாகிவிட்டது, வண்டியை மலிவாகத் தருகிறேன்' என்று முன்பணம் பறிப்பது. சீருடையானாலும் தாய்மொழியானாலும், அவர்கள் குறிவைப்பது நம் நம்பிக்கையைத்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பாடம் மனப்பாடம். சாமானுக்கு ரசீது உண்டு, கட்டணத்துக்கு ரசீது உண்டு. எந்தக் குமாஸ்தாவும் தன் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார். சுங்க இலாகாவும் அப்படித்தான். அஞ்சலில் வரும் பொருளுக்கு அயல்நாட்டு அஞ்சல் நிலையத்தில் வரி மதிப்பிடுவார்கள், பொருளைப் பெறும்போது ரசீதுக்குக் கட்டுகிறோம். கூரியர் கம்பெனி வழியாக வந்தால் கம்பெனியின் பில் உண்டு. 2019 நவம்பர் முதல் சுங்க இலாகா அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று இருக்கும். மறைமுக வரிகள் வாரியத்தின் வலைத்தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். தனி ஆள் கணக்குக்கு வரி கட்டச் சொன்னால் அது திருட்டு. இதில் சந்தேகமே வேண்டாம்.

'அன்பளிப்பு என்று எழுதி அனுப்புகிறேன், வரி வராது' என்று சிலர் ஆசை காட்டுவார்கள். 5,000 ரூபாய் வரை அன்பளிப்புக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரில் ரத்தாகிவிட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டுமே விலக்கு. அது மட்டுமல்ல, பழைய கணினிகளை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய அரசின் அனுமதி தேவை. இந்தச் சட்டம் நமக்குத் தெரியாது, திருடனுக்குத் தெரியும். அதைக் காட்டித்தான் அந்தக் குடும்பத்தை அபராதம் என்று மிரட்டினான்.

லண்டன்காரன் என்கிறவன் கொடுக்கும் வங்கிக் கணக்கு எந்த ஊரில் இருக்கிறது என்று பாருங்கள். நம் நாட்டிலேயே முன்பின் தெரியாத ஒருவர் பெயரில் இருக்கும். அது யாருடைய கணக்கு? இரண்டாயிரம், மூவாயிரம் கமிஷனுக்குத் தன் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் இரவல் கொடுத்த ஏதோ ஓர் ஏழைத் தொழிலாளியுடையது! நம்மைக் கொள்ளையடிக்கவும் நம் பெயரே கருவியாகிறது. பணம் எடுத்தவன் மறைந்துவிடுவான், வழக்கு கணக்குக்காரன் மேல் வரும். ஆகவே வங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். நம் வாலிபர்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பழைய செல்போன் வாங்குகிறீர்களா? *#06# என்று அழுத்தினால் அதன் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணை எழுதி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். திருட்டுப்போன் என்று தடைசெய்யப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். அந்த எண்ணைச் சொல்ல மறுப்பவனிடம் வாங்காதீர்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், இந்தியாவில் முறையாக வியாபாரம் நடத்தும் வெளிநாட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகின்றன. அவற்றின் மேல் நாம் வசிக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 1915 என்ற உதவி எண்ணும் உண்டு. ஆனால் தன் சொந்தப் பொருளை எப்போதாவது விற்கும் தனி மனிதரை அந்த விதிகள் தொடுவதில்லை. ஆகவே தனி ஆளிடம் வாங்குவதென்றால் கண்ணால் பார்த்து, ஓட்டிப் பார்த்து, பிறகே பணம். கடலுக்கு அப்பாலுள்ள தனி ஆளுக்கு முன்பணம் கூடவே கூடாது.

ஏமாந்துவிட்டால்? அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பணம் திருடன் கைக்குப் போவதற்குள் வங்கிகளில் அதை நிறுத்திவைக்க வழியுண்டு. மணிக்கணக்கில் தாமதித்தாலே கடினம். பதினோரு நாளில் பணம் பல கணக்குகள் மாறிவிடும். குறுஞ்செய்திகளையும் ரசீதுகளையும் அழிக்காதீர்கள். புகாரை வலைத்தளத்தில் பதிவு செய்ய அக்ஷயா மையம் உதவும். ஸ்டேஷனுக்குப் போக மலையாளம் தடையென்றால் சங்கத் தோழர் ஒருவர் கூட வருவார்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுத 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்தது. அப்படியிருக்க, 1930 என்ற எண்ணைத் தமிழில் எழுதித் தம்பானூரிலும் சாலையிலும் ஒட்டுவதற்கு என்ன தடை? இந்தக் கோரிக்கையை மனுவாகக் கொடுக்க இருக்கிறோம். கையெழுத்துப் போட எல்லாக் குடும்பங்களும் வரவேண்டும்.

அந்தப் பெண்ணுக்குக் கணினி வாங்க நம் தோழர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருக்கிறார்கள். இம்முறை கடையில், பில்லோடு, அவளே இயக்கிப் பார்த்து வாங்குவாள். அவள் தகப்பனாரும் தாயாரும் தங்கள் அனுபவத்தை அடுத்த மாதக் கூட்டத்தில் தாங்களே சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தலைகுனிய வேண்டியதில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்டு இன்னொரு குடும்பம் தப்பினால், அந்தத் துணிவுக்கு நாம் அனைவரும் கடமைப்பட்டவர்கள்.