செவிக்கு வேண்டா பஞ்சுக்குச்சி

சிறிய பொருள்களும் பெரும்பயன் விளைப்பதுண்டு. இரு நுனியிலும் பஞ்சு சுற்றிய சிறு குச்சி அத்தகையது. 'பட்ஸ்' என்று நாம் கடையில் கேட்டு வாங்கும் இப்பொருளை 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கெர்ஸ்டென்சாங் என்பார் வணிகப் பொருளாக்கினார். பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றித் தம் மனைவி குழந்தையைத் தூய்மை செய்யக் கண்டதே அவர்க்கு வழிகாட்டியது என்பர்.

இதன் பயன்களோ பல. சிறு புண்ணுக்கு மருந்திடவும், கலைந்த கண்மையைத் திருத்தவும், அத்தரைத் தொட்டு மணிக்கட்டில் தடவவும், தையல் இயந்திரத்திலும் கணிப்பொறி விசைப்பலகையிலும் விரல் நுழையா இடுக்குகளில் படிந்த தூசியைத் துடைக்கவும் இது உதவுகின்றது. 2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுக்கப் பயன்பட்டதும் இவ்வினத்துக் குச்சியே.

ஆயின், எவ்வுறுப்புக்கு இது தேவையில்லையோ அவ்வுறுப்புக்கே நாம் இதனை மிகுதியும் பயன்படுத்துகின்றோம். செவிக்குறும்பி அழுக்கன்று, காவற்பொருள். செவிக்குழாயின் வெளிப்பகுதியிற் சுரந்து, தூசியைப் பற்றி, நுண்கிருமிகளைத் தடுப்பது அது. குழாயின் தோல் உள்ளிருந்து வெளிநோக்கி மெல்ல நகர்வதாலும், உண்ணும்போது தாடை அசைவதாலும் அது பெரும்பாலும் தானே வெளியேறும். குச்சியோ அதனை உள்ளே தள்ளி இறுக்குகின்றது. ஏறத்தாழ இரண்டரைச் சென்டிமீட்டர் நீளமுள்ள அக்குழாயின் முடிவில் இருப்பது மெல்லிய செவிப்பறை. கை சற்றே தவறினும் அது கிழியக்கூடும். செவித்துளைக்குள் செலுத்தற்க என்று உறையிலேயே அச்சிட்டு விற்கும் நிறுவனங்களும் உள. அவ்வெழுத்தைப் படிப்பார் எத்துணைப் பேர்?

பிளாஸ்டிக் தண்டுடைய குச்சிகளை இந்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடைசெய்தது. இன்று காகிதத் தண்டும் மூங்கில் தண்டும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. நன்று. எனினும் தண்டு மாறிற்றேயன்றிப் பழக்கம் மாறவில்லை. மண்ணுக்கு நேரும் கேட்டைச் சட்டம் தடுக்கலாம். செவிக்கு நேரும் கேட்டை நாமே தடுத்தல் வேண்டும்.

புறச்செவியை ஈரத்துணியால் துடைத்தல் போதும். அடைப்போ வலியோ சீழோ தோன்றின் மருத்துவரை நாடுதலே முறை. குழந்தையின் காதைக் குடைவதை அன்பென்று கருதும் பெற்றோர் இதனைச் சிறப்பாக உளங்கொளல் வேண்டும். கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆசிரியர் உரையைக் கேட்டுக் கற்கும் மாணவச் செல்வங்களே, அக்கேள்வி புகும் வாயிலைக் காத்தலும் கல்வியின் ஒரு கூறேயாம்.