சாலையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் தோட்ட உரிமை



லண்டனில் கில்பர்ன் ஹை ரோட்டின் மேற்குப் பக்கம் பிரென்ட் நகராட்சி. கிழக்குப் பக்கம் கேம்டன். மேற்கே குடியிருக்கும் வாக்காளர்கள் ஆறு பேர் சேர்ந்து, காய்கறி பயிரிட அலாட்மென்ட் நிலம் (நகராட்சி வாடகைக்கு விடும் தோட்ட மனை) வேண்டுமென்று எழுதிக் கொடுத்தால் நகராட்சி அதைப் பரிசீலித்தாக வேண்டும். தேவை இருப்பது உறுதியானால் நிலம் ஒதுக்குவது அதன் கடமை. 1908ஆம் ஆண்டின் அலாட்மென்ட் சட்டம், 23ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. சாலையைக் கடந்தால் அந்தக் கடமை இல்லை. கேம்டன் உட்பட உள் லண்டனின் 12 நகராட்சிகளுக்கும் 1963ஆம் ஆண்டின் லண்டன் ஆட்சிச் சட்டம் விலக்குக் கொடுத்துவிட்டது. மனமிருந்தால் கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் கேட்க வழியில்லை.

இந்த விலக்கு யார் தலையில் விழுகிறது என்பதுதான் கொடுமை. ஹாரோ போன்ற வெளிப் பகுதிகளில் பல வீடுகளுக்குப் பின்னால் சொந்தத் தோட்டம், ஈழத்தவர் பேச்சில் சொன்னால் வளவு, இருக்கிறது. உள் லண்டனிலோ பெரும்பாலானோர் அடுக்குமாடியில் வாழ்கிறார்கள். மல்லி விதைக்கச் சன்னல் விளிம்புதான். மண் இல்லாதவருக்கே மண் கேட்கும் உரிமையும் இல்லை. அலாட்மென்டில் கோழியும் முயலும் வளர்க்க 1950ஆம் ஆண்டின் அலாட்மென்ட் சட்டம் இங்கிலாந்து முழுவதும் அனுமதி தந்திருக்கிறது. வளர்க்கும் இடத்துக்குத்தான் வழி காணோம்.

உள் லண்டனில் நிலம் ஏது என்பது வழக்கமான பதில். நகராட்சிக் குடியிருப்புகளைச் சுற்றி, பந்து விளையாடக் கூடாது என்று பலகை நட்ட புல்தரைகள் கிடக்கின்றன. யாரும் காலெடுத்து வைக்காத அந்தப் புல்லை வெட்டவும் செலவாகிறது. இருக்கும் நிலத்தையும் பகிரலாம். முழு மனை என்பது ஏறக்குறைய 250 சதுர மீட்டர். காலியாகும் மனையை இரண்டாகப் பிரித்தால் காத்திருப்போரில் இரு குடும்பங்களுக்கு இடம் கிடைக்கும்.

கொடுத்த நிலம் நிலைப்பதும் முக்கியம். அலாட்மென்டுக்கென்றே வாங்கிய அல்லது ஒதுக்கிய நிலத்தை அமைச்சரின் இசைவின்றி நகராட்சி விற்க முடியாது என்கிறது 1925ஆம் ஆண்டின் அலாட்மென்ட் சட்டம். தற்காலிகம் என்று குறித்துவிட்டால் அந்தக் காப்பு கிடையாது.

1963ஆம் ஆண்டின் விலக்கை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். அதுவரை, உள் லண்டன் நகராட்சிகள் காத்திருப்போர் பட்டியலில் எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளாக என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்; புதிதாகக் கொடுக்கும் மனைகளைத் தற்காலிகக் கணக்கில் எழுதக் கூடாது.

– வாசகர், லண்டன்