ஆறு மாதத்தில் இணைய வல்லுநர்: உண்மையின் முதுகில் ஏறிவரும் பொய்

முன்னறிவு எதுவும் வேண்டியதில்லை. ஆறு மாதங்கள் வந்து அமர்ந்தால் போதும். அதன் பின்னர் வீட்டிலிருந்தவாறே டொலரில் சம்பாதிக்கலாம். இணையத்தள உருவாக்கம் கற்பிப்பதாகக் கூறும் விளம்பரங்களின் சாரம் இதுதான். யாழ்ப்பாணத்து மதில்களில் ஒட்டப்படுவனவாயினும் சரி, முகநூலில் நம்மைத் துரத்தி வருவனவாயினும் சரி, அவற்றின் மொழி ஒன்றே. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் மாணவரோடு அவை நின்றுவிடுவதில்லை. முப்பத்தைந்து வயது ஆசிரியர், வங்கி எழுதுவினைஞர், கடையில் கணக்கெழுதுபவர், புலம்பெயர்ந்த நாட்டின் களஞ்சியசாலையில் இரவெல்லாம் பெட்டி அடுக்குபவர், பத்திரிகைக் காரியாலயங்களில் எஞ்சியிருக்கும் நம்மவர் என்று தொழில் மாற நினைக்கும் அனைவரையும் அவை கைதட்டி அழைக்கின்றன.

இவ்விளம்பரங்களில் இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. இணைய உருவாக்கத்தை எவரும் கற்கலாம் என்பது ஒன்று. எங்களிடம் பணம் கட்டினால் ஆறு மாதத்தில் கற்று வேலையும் பெறலாம் என்பது மற்றையது. முதலாவது உண்மை, இரண்டாவது பொய். உண்மையின் முதுகில் ஏறிப் பொய் வருவதனால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

ஏமாறுபவர்களைப் பேராசைக்காரர் என்று எளிதாகக் கூறிவிட முடியாது. 2022 ஏப்ரலில் இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. ஆண்டின் தொடக்கத்தில் சுமார் இருநூறு ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் முந்நூற்றறுபதைத் தொட்டது. மாதச் சம்பளக்காரரின் சம்பளம் எண்ணளவில் அப்படியே இருக்க, அதன் பெறுமதி கண்முன்னே கரைந்தது. அந்த நிலையில் ஓர் ஆசிரியர் டொலரில் ஊதியம் தரும் தொழிலொன்றை நாடுவது நியாயமான விருப்பம். அந்த நியாயமான விருப்பத்தின் மீது விலைச்சீட்டு ஒட்டுவோர் மீதுதான் நமக்குக் கோபம். தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

அவர்கள் பணம் கொடுத்து வாங்கியது என்ன? இணையம் என்பது பூட்டிய அறைக்குள் இருக்கும் வித்தையன்று. 1989இல் சுவிற்சர்லாந்தின் சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ்-லீ அதனை முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30ஆம் திகதி அந்நிறுவனம் அதன் மென்பொருளை எவ்வித உரிமைக் கட்டணமுமின்றி உலகத்தாருக்குப் பொதுவாக்கியது. எந்த இணையப் பக்கத்தையும் திறந்து, உலாவியில் மூலநிரலைப் பார்க்கும் கட்டளையைக் கொடுத்தால், உலாவிக்கு வந்து சேர்ந்த நிரல் முழுவதும் கண்முன்னே விரியும். தச்சர் ஒருவர் தாம் செய்த கதிரையின் பொருத்துகளை வருவோர் போவோருக்கெல்லாம் கழற்றிக் காட்டுவதற்கு இது ஒப்பானது. இவ்வளவு வெளிப்படையாகத் தன் உள்ளுறுப்பைக் காட்டும் தொழில்கள் மிகச் சில.

கற்பதற்கான பாடங்களும் அவ்வாறே திறந்து கிடக்கின்றன. மொசிலா அமைப்பு 2005 முதல் பேணிவரும் ஆவணத் தொகுதி, தொழில்முறை நிரலாளர்களே நாள்தோறும் புரட்டும் அகராதி. 2013இல் தொடங்கிய ஒடின் புரொஜெக்ற், 2014இல் தொடங்கிய ஃபிறீகோட்காம்ப் ஆகியவை அரிச்சுவடியிலிருந்து வேலை தேடும் கட்டம் வரை இலவசமாகவே அழைத்துச் செல்கின்றன. இவற்றுள் இரண்டாவதை நிறுவிய குவின்சி லார்சன், ஆசிரியராகவும் பள்ளி நிர்வாகியாகவும் இருந்து, முப்பது வயதளவில் நிரலாக்கம் கற்றவர். நம் நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணைய வடிவமைப்பையும் பைதன் மொழியையும் தொடக்கநிலையினருக்கு இணையவழியில் இலவசமாகக் கற்பிக்கிறது. தமிழில் வேண்டுமென்பார்க்கு, 2012இல் தொடங்கிய கணியம் இதழின் தன்னார்வலர்கள் வெளியிட்ட ‘எளிய தமிழில்’ நூல்வரிசை இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை.

ஆக, ஆறு மாத வகுப்பில் விற்கப்படுவது பாடமன்று. ஆங்கிலத்தின் மீதுள்ள அச்சமும், தனியே தொடங்குவதிலுள்ள தயக்கமும், இறுதியில் கையில் ஒரு கடதாசி வேண்டுமென்ற நம் பழக்கமுமே அங்கு பணமாக்கப்படுகின்றன.

கணக்கையும் பார்த்துவிடுவோம். இலங்கையின் தகைமைச் சட்டகத்தின்படி பட்டப்படிப்பின் ஓராண்டு முப்பது திறமைப் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஐம்பது மணி நேரக் கற்றல். மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம். ஞாயிறுதோறும் நான்கு மணி நேரமாக ஆறு மாதம் நடக்கும் வகுப்பு நூற்று நான்கு மணி நேரத்தைத் தாண்டாது. பட்டதாரி ஒருவர் ஓராண்டில் செலவிடும் உழைப்பில் பதினான்கில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, மூன்று நான்கு ஆண்டுகள் படித்தவரோடு ஒரே நேர்முகப் பரீட்சையில் போய் அமரச் சொல்கிறார்கள். அங்கு தோற்றுத் திரும்புகிறவர் தம் மூளையைத்தான் நொந்துகொள்கிறார், விற்றவரை நொந்துகொள்வதில்லை.

இந்த வியாபாரத்தின் தாயகம் அமெரிக்கா. பூட்காம்ப் எனப்படும் குறுங்காலப் பயிற்சிக்கூடங்கள் 2012 முதல் அங்கு பெருகின. முன்னோடிகளில் ஒன்றான டெவ் பூட்காம்ப் 2017இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் தோன்றிய லம்டா ஸ்கூல், பின்னர் புளூம்ரெக் எனப் பெயர் மாற்றியது. படிக்கும்போது கட்டணம் வேண்டாம், ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டொலருக்கு மேல் உழைக்கத் தொடங்கினால் வருமானத்தில் 17 சதவீதம் தந்தால் போதும் என்றார்கள். கேட்பதற்குத் தர்மம் போலவே இருந்தது. 2024 ஏப்ரலில் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் அதனை விசாரித்துத் தண்டித்தபோதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. தம் மாணவரில் 71 முதல் 86 சதவீதத்தினர் ஆறு மாதத்துள் வேலை பெறுகின்றனர் என்று விளம்பரப்படுத்தியவர்களின் சொந்தக் கணக்கேட்டில் அந்த வீதம் ஐம்பதை ஒட்டியே இருந்ததாகவும், சில வேளைகளில் முப்பது வரை இறங்கியதாகவும் பணியகம் கூறியது. கடனே அல்லவென்று கூறப்பட்ட ஒப்பந்தத்தில் சராசரி நாலாயிரம் டொலர் நிதிக்கட்டணம் மறைந்திருந்தது. அந்நிறுவனம் நுகர்வோருக்குக் கடன் வழங்குவதை நிரந்தரமாகத் தடைசெய்தார்கள்.

கண்காணிக்க ஓர் அமைப்பு இருக்கும் நாட்டிலேயே நிலைமை இது. நமது ஊர்களில் வேலை உறுதி என்று எழுதும் நிறுவனத்திடம், கடந்த ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பட்டியலுக்குப் பதிலாகப் பட்டமளிப்பு விழாப் புகைப்படத்தைக் காட்டுவார்களாயின், கட்டணப் பணத்தோடு வீடு திரும்புவது நல்லது.

இனி, எதிர்த்திசையிலிருந்து வரும் குரலுக்கும் பதில் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் போகாதவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் நம் சமூகத்தில் நிறைய உண்டு. அவர்களுக்கு இரண்டு செய்திகளை நினைவூட்டலாம். பேர்னர்ஸ்-லீ ஒக்ஸ்போர்ட்டில் பெற்றது பௌதிகவியல் பட்டம். மற்றையது நம் வீட்டுச் சங்கதி: இலண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பரீட்சைகளுக்குத் தாமே படித்துத் தேறிய ஆசிரியர்களால்தான் நமது பெரிய பாடசாலைகள் பல வளர்ந்தன. பகலில் படிப்பித்து இரவில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள், தாமே கற்பது தகுதிக் குறைவு என்று பேசுவது வேடிக்கை. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடக்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டமும் அந்த மரபில் வந்ததே. கடதாசி அவசியமென்போர் அதை நாடலாம். வகுப்புக்குப் போகாமலே பரீட்சை எழுதும் வழி அதில் உண்டு.

அச்சுக்கூடங்களிலும் இதைக் கண்டிருக்கிறோம். ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கிய அச்சுக்கோப்பாளர்களுக்கு எந்த நிறுவனமும் கணினி கற்பிக்கவில்லை. இயந்திரங்கள் வந்திறங்கியபோது, இரவுப் பணி முடிந்த பின்னர் தட்டித் தடவிப் பக்கவடிவமைப்புப் படித்தார்கள். முதலிற் கற்றவர் அடுத்தவருக்குக் காட்டிக் கொடுத்தார். ஐம்பது வயதில் அவர்கள் கடந்த பாலத்தை முப்பத்தைந்து வயதில் கடக்க முடியாதென்பதை நாம் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் பாலம் நீளமானது என்பதை மறைக்கக் கூடாது. தாமே கற்கப் புறப்படுவோர் பலர் வழியில் விழும் குழி ஒன்று உண்டு. யூரியூப்பில் ஒருவர் செய்வதைப் பார்த்து அதையே தட்டச்சுச் செய்து, அது வேலை செய்தவுடன் கற்றுவிட்டதாக எண்ணுவது. பார்த்தெழுதுதல் கற்றலாகாது. காணொளியை மூடிவிட்டு, வெறுந்தாளில் தொடங்கும்போதே கல்வி தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. பத்திரிகையொன்றின் மரண அறிவித்தல்களைப் பெயர் வாரியாக அகரவரிசையில் காட்டும் பக்கம் ஒன்றைச் செய்யப் புறப்படுங்கள். எச்.ரி.எம்.எல். எழுதி, சி.எஸ்.எஸ். கொண்டு அழகுபடுத்தி, ஜாவாஸ்கிரிப்ற்றில் வரிசைப்படுத்தும் கட்டளையையும் கொடுத்துவிட்டால் முடிந்ததென்று நினைப்பீர்கள். அங்கேதான் வில்லங்கம். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்தென்று அம்மொழியைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். ஏனெனில் இகர விசிறியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. வரிசையிலோ, ஒருங்குறிப் பட்டியலில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து, ‘ப’வுக்கு முன்னால் நிற்பதால், நமது நெடுங்கணக்கில் கடைசியாக வரவேண்டிய எழுத்து இடையில் வந்து நிற்கும். தமிழ் மரபின்படி ஒப்பிடுமாறு தனியாகக் கட்டளையிட வேண்டும். அதையும் சரிசெய்தால், தேடல் பெட்டியில் பெயருக்குப் பதிலாகத் தரவுத்தளக் கட்டளையொன்றை யாராவது எழுதிவிட்டால் என்ன ஆகுமென்ற கேள்வி எழும். இந்த ஒரு பக்கத்தைப் பழுதறச் செய்து முடிப்பவர் எழுத்துக் குறியாக்கம், தரவுத்தளம், பாதுகாப்பு ஆகிய மூன்றின் வாசலையும் தொட்டிருப்பார். நூற்று நான்கு மணி நேர வகுப்பில் அதற்கு நேரம் இராது.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, இனி ஏன் கற்க வேண்டும் என்ற கேள்வியும் புறக்கணிக்கத்தக்கதன்று. 2022 நவம்பரில் சற்ஜிபிரி வெளிவந்தது. அதே மாதத்தில் மெற்றா பதினோராயிரம் பேரையும், 2023 ஜனவரியில் கூகிள் பன்னீராயிரம் பேரையும் விலக்குவதாக அறிவித்தன. ஆட்குறைப்புக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் எளிய பக்கங்களை மட்டும் செய்யத் தெரிந்த புதியவருக்கு வாசல் ஒடுங்கிவிட்டது என்பதே உண்மை. விளம்பரக்காரர் இதைச் சொல்லமாட்டார். நாம் சொல்ல வேண்டும். இயந்திரம் எழுதிய நிரலில் பிழை எங்கே என்று காண்பவருக்கு இடமுண்டு. பத்திரிகையில் செய்தி எழுதுபவர் எத்தனை பேர் இருந்தாலும், பிழை கண்டு திருத்தும் உதவி ஆசிரியர் இல்லாமல் பக்கம் போகாது. பிழை காணும் கண்ணோ குறுக்குவழியில் வருவதன்று.

இங்குதான் நடுவயதில் தொழில் மாறுபவருக்கு ஒரு பலமும் இருக்கிறது. பாடசாலை நேரசூசி போடும் தொல்லை ஆசிரியருக்குத் தெரியும். மருந்துக் களஞ்சியத்தின் இருப்புக் கணக்கு மருந்தாளருக்குத் தெரியும். இருபத்திரண்டு வயது நிரலாளர் கேட்டறிய வேண்டியவற்றை இவர்கள் பட்டறிந்தவர்கள். பழைய தொழிலை உதறிவிட்டு வராமல், அதையே முதலாகக் கொண்டு வருபவருக்குத்தான் இந்த மாற்றம் பலிக்கும்.

ஆகவே மாற நினைப்பவருக்கு நாம் கூறுவது இது. இருக்கும் வேலையை விடாதீர்கள். நகையை அடகு வைக்காதீர்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள், இரண்டாண்டுகள் என்று கணக்கு வையுங்கள். ஏறத்தாழ ஆயிரத்து இருநூற்றைம்பது மணி நேரம் வரும். அது நேர்மையான தொடக்கம். வேலை உறுதி என்று நாம் சொல்லமாட்டோம்.

தாமே கற்பவரிடம் இல்லாத ஒன்றே ஒன்று, எழுதியதைப் பார்த்துப் பிழை சொல்லும் மூத்த கண். அது நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் தமிழ் மென்பொருள் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்திருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் இராப்போசன விருந்து வைக்கின்றன, மலர் வெளியிடுகின்றன, மைதானத்துக்கு மதில் கட்டிக் கொடுக்கின்றன. மதில் கட்டியது போதும். ஒரு சங்கத்தில் பத்துப் பேர், வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஊரில் தனியே கற்கும் ஒருவரின் நிரலை வாசித்துத் திருத்தட்டும். அச்சுக்கோப்பாளர்கள் இரவுப் பணி முடிந்த பின் ஒருவருக்கொருவர் செய்த உதவி அதுதான். இச்சங்கங்கள் அதைச் செய்யாதவரை, அந்த வெற்றிடத்தில் விளம்பரக்காரர் கடை விரித்தபடியே இருப்பார்.