குழந்தைக்குச் சங்கீதம் புரியுமா?

கச்சேரிக்குக் குழந்தைகளை அழைத்து வந்தால் அழும், ஓடும், பக்கத்தில் இருப்பவரின் ரசனையைக் கெடுக்கும் என்று சொல்லும் மேதாவிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆலைத் தொழிலாளியின் குழந்தை என்றால் அவர்கள் குரல் இன்னும் உயர்ந்துவிடுகிறது. உங்களுக்கே விளங்காதது உங்கள் பிள்ளைக்கா என்பதே இதன் உட்பொருள். இதை நாம் ஒப்பவில்லை.

மூன்று மணி நேரம் குழந்தை அசையாமல் உட்காராது, உண்மைதான். ஷிப்டு முடித்து வந்த அப்பனும் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறான். அதற்காக அவனுக்கு ரசனை இல்லை என்று சொல்லிவிடலாமா? குழந்தைக்குத் தக்கபடி கச்சேரியை அமைத்தார்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

1936-இல் மாஸ்கோவில் அமைத்தார்கள். அங்கே குழந்தைகள் நாடக அரங்கை நடத்திவந்த நதாலியா ஸாட்ஸ் அம்மையார், தம் பிள்ளைகளுடன் நாடகம் பார்க்க வந்துபோன செர்கேய் புரோகோபியெவைப் பிடித்துக்கொண்டார். அவர் உலகப் புகழ் பெற்ற இசை மேதை. "பீட்டரும் ஓநாயும்" என்ற இசைக் கதையைக் குழந்தைகளுக்கென்றே எழுதிக் கொடுத்தார். மொத்தம் அரைமணிக்கும் குறைவு. ஒருவர் கதை சொல்வார், வாத்தியங்கள் நடிக்கும். புல்லாங்குழல் பறவை, கிளாரினெட் பூனை, நம் நாயனத்தைப் போல் சீவாளி வைத்து ஊதும் ஓபோ வாத்து. மூன்று பித்தளைக் கொம்புகள் சேர்ந்து முழங்கினால் ஓநாய் வந்துவிட்டது! சிறுவன் பீட்டருக்குப் பிடில் வகை வாத்தியங்கள். கதை தொடங்குமுன் ஒவ்வொரு வாத்தியத்தையும் குழந்தைகளுக்குக் காட்டி வாசித்துக் கேட்கச் செய்ய வேண்டும் என்பது புரோகோபியெவ் சொன்ன யோசனை. முடிவில் ஓநாயின் வயிற்றுக்குள்ளிருந்து வாத்து கத்துவது ஓபோவில் கேட்கும். அவசரத்தில் உயிரோடு விழுங்கிவிட்டதாம்! இதை விளக்க எந்தச் சங்கீத பண்டிதரும் தேவையில்லை.

மே 2-ஆம் தேதி நடந்த முதல் அரங்கேற்றத்துக்கு வரவேற்பு சுமார்தான். பிறகு அது உலகம் முழுவதும் சுற்றியது. ஸாட்ஸ் அம்மையாரோ 1937-இல் கைதாகி, முகாமில் ஆண்டுகளைக் கழித்தார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மீண்டு வந்து 1965-இல் குழந்தைகளுக்கென்றே ஓர் இசை நாடக அரங்கை மாஸ்கோவில் நிறுவினார். இன்றும் அது அவர் பெயரால் நடக்கிறது.

நமக்கும் இது அந்நியமான சங்கதியல்ல. சுவாமி புறப்பாட்டில் மல்லாரியை அப்பன் தோளில் இருந்து கேட்ட பிள்ளைகள் ஏராளம். யாரும் டிக்கெட் கேட்கவில்லை, வாயை மூடு என்று அதட்டவில்லை. ஆனால் தேர் எட்டிப் பார்க்காத தெருக்களும் உண்டு. அங்கே வாழும் விவசாயத் தொழிலாளியின் குழந்தைக்கு அந்தத் தவில் தூரத்துச் சத்தமாகவே இருந்தது.

அந்தத் தெருவிலேயே ஒரு ஞாயிறு காலை பாய் விரிக்கட்டும். குழந்தைகள் முன்னால் உட்காரட்டும். மிருதங்கத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் எழுந்து போகவும் திரும்பி வரவும் வழி விட்டால் போதும். வித்வான்கள் வருவார்களா என்கிறீர்களா? கேட்டுப் பார்ப்போம்.