நோய் வரலாற்றில் ஒரு வரி

காப்பீட்டுத் தொகையை வழங்குவதா மறுப்பதா என்று முடிவு செய்பவர் நோயாளியை நேரில் காண்பதில்லை. அவர் முன் இருப்பவை தாள்கள் மட்டுமே: பாலிசி எடுத்தபோது நிரப்பிய முன்மொழிவுப் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி, கேஸ் ஷீட், பரிசோதனை முடிவுகள், விபத்தாயின் விபத்துப் பதிவேட்டின் நகலும் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையும். ஆகவே அத்தாள்களில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பத்தின் கடன்சுமையைத் தீர்மானிக்க வல்லது.

நெஞ்சுவலியோடு தந்தையை அழைத்து வரும் மகனிடம், சர்க்கரை நோய் எத்தனை ஆண்டுகளாக உள்ளது என்று கேட்கிறோம். பதற்றத்தில் அவர், "பத்து வருஷம் இருக்கும்" என்கிறார். அதுவே நோய் வரலாறாகப் பதிவாகிறது. உண்மையில் நோய் கண்டறியப்பட்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருக்கலாம். பாலிசி எடுத்து நான்கு ஆண்டுகள் எனில், நோயை மறைத்துப் பாலிசி பெற்றதாக நிறுவனம் அந்த ஒரு வரியைக் கொண்டே வாதிட இயலும்.

மருத்துவப் பதிவுகளுக்கு மதிப்பளிப்பதைத் தவறென்று நாங்கள் கூறவில்லை. நெடுநாள் சர்க்கரை நோயையும் சிறுநீரக நோயையும் மறைத்துப் பெற்ற பாலிசி தொடர்பான வழக்கில், சென்னை மருத்துவமனை ஒன்றின் சான்றை ஏற்று, தொகை மறுக்கப்பட்டது சரியே என 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2021 டிசம்பரில் அதே நீதிமன்றம், அமெரிக்கப் பயணத்தில் மாரடைப்புக்கு உள்ளான ஒருவருக்கு யுனைடெட் இந்தியா நிறுவனம் தொகை மறுத்தது செல்லாது என்றது. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதை அறிந்தே நிறுவனம் பாலிசி வழங்கியிருந்தது. பதிவேடு சான்றுதான், தீர்ப்பு அன்று. பதற்றத்தில் சொல்லப்பட்ட ஆண்டுக்கணக்கைப் பழைய மருந்துச் சீட்டுகளோடும் ஆய்வக முடிவுகளோடும் ஒப்பிடாமல் தொகையை மறுப்பது நியாயமாகாது என்பதே எங்கள் கருத்து.

மருத்துவமனைக்கும் இதில் பொறுப்புண்டு. பதிவு செய்த வரலாற்றைக் குடும்பத்தினருக்குத் தமிழில் படித்துக் காட்டுவது மருத்துவமனையின் கடமை. உங்களிடம் நாங்கள் வேண்டுவது இரண்டு. ஆண்டுக்கணக்கு நினைவில்லையெனில் ஊகித்துச் சொல்லாதீர்கள். தெரியவில்லை என்றே கூறுங்கள். வீடு திரும்புமுன் டிஸ்சார்ஜ் சம்மரியை முழுதும் படித்து, பிழையிருப்பின் ஆதாரத்தோடு திருத்தம் கேளுங்கள். தறியில் இருக்கும்போது அறுந்த இழையைப் பிணைப்பது எளிது என்பதைக் காஞ்சிபுரத்தாருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் உண்மையான வரலாற்றை மாற்றி எழுதுமாறு எந்த மருத்துவரையும் வற்புறுத்தாதீர்கள். அது காப்பீட்டை மட்டுமன்று, அடுத்து வரும் சிகிச்சையையும் கெடுக்கும். மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி.

தொகை மறுக்கப்பட்டாலும் வழி அடைபடுவதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, பாலிசியின் எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கப்படுகிறது என்பதை நிறுவனம் தெரிவிக்க வேண்டும். பாலிசி 60 மாதங்கள் இடைவிடாது தொடர்ந்திருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, நோயை மறைத்ததாகக் கூறி மறுக்க இயலாது. முதலில் நிறுவனத்திற்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். 30 நாட்களில் தீர்வு கிட்டாவிடினும், கிட்டிய பதில் நிறைவளிக்காவிடினும், ஓராண்டிற்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அங்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. தாள்களைக் காட்டி மறுக்கப்பட்ட உரிமையை, தாள்களைக் கொண்டே மீட்க முடியும். அவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.