லாஸ்ட் பிரைஸ் எவ்வளவுண்ணே?

மோடிஃபை பண்ணிய காடியை விற்கப் போகிறீர்களா? முதலில் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். போட்ட காசை யாரும் தரமாட்டார்கள்.

என்னுடையது 2001 மாடல் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. பார்த்திராத இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1996இல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தை புரோட்டோன் வாங்கியது. அந்த லோட்டஸ்காரர்கள் சஸ்பென்ஷனைச் சரிபார்த்துக் கொடுத்த வண்டி இது. 1.8 லிட்டர் இன்ஜின், ஏறக்குறைய 140 குதிரைத் திறன், தொழிற்சாலையிலிருந்தே ரெகாரோ சீட். இதைவிட முறுக்கான காடி நம் நாட்டில் செய்யப்பட்டதில்லை என்பது என் கட்சி. (பெர்டானா வி6 வைத்திருக்கும் மாமாக்கள் கோபிக்க வேண்டாம்.)

எட்டு வருஷம் செதுக்கினேன். காலை நிகழ்ச்சிக்காக 4 மணிக்கே எழுந்துவிடுவதால் மதியம் எனக்கு ஓய்வு. அந்த மதியமெல்லாம் ஒர்க்‌ஷாப்பில்தான். முதலில் காயில்ஓவர். பிறகு கிள்ளான் ஹாஃப் கட் கடையில் கிடைத்த எவோ பிரேக்; அதைப் பொருத்துவதற்காக நாலு போல்ட் சக்கரம் ஐந்து போல்ட் ஆனது. கேம், இசியூ, எக்ஸாஸ்ட், பக்கெட் சீட் என்று போய், கடைசியில் பின் சீட்டைக் கழற்றி ரோல் கேஜ். 5.543 கிலோமீட்டர் சிப்பாங் தடத்தில் அதை ஓட்டிய நாள்களைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

போமன் அங்கிள் ஆரம்பத்திலேயே ஒன்று சொன்னார்: “கழட்டுன சாமான வீசிடாத.” எல்லாவற்றையும் பழைய பேப்பரில் சுற்றி அம்மாவின் ஸ்டோர் ரூமில் அடுக்கினேன். அம்மா திட்டாத நாளில்லை.

பிப்ரவரியில் மகள் பிறந்தாள். குழந்தை இருக்கை 2020இலிருந்து சட்டப்படி கட்டாயம். என் காடியில் அதை வைக்கப் பின் சீட்டே இல்லை. வீட்டுக்கு டெபாசிட் வேறு கட்ட வேண்டும். மனைவி விற்கச் சொல்லவில்லை. டேப் எடுத்து வந்து குழந்தை இருக்கையின் அகலத்தை மட்டும் அளந்து சொன்னார்.

விளம்பரம் போட்ட பத்தாவது நிமிடம் முதல் செய்தி வந்தது. வணக்கம்கூட இல்லை: “லாஸ்ட் பிரைஸ்?” ஒருவர் மோட்டார் சைக்கிளோடு மாற்றிக்கொள்ளலாமா என்றார். விஷயம் தெரிந்தவர்கள் கேட்டது வேறு: “இன்ஜின் நம்பரும் கெரான் நம்பரும் ஒண்ணா?” சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐ வேஷம் போட்டு ஓட்டுபவர்கள் அதிகம் என்பதால் அது நியாயமான கேள்வி. என்னுடையது ஒன்றேதான்.

முடிவில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பழைய காடி சேகரிப்பவர். ஒரிஜினலாக்கிக் கொடுத்தால் 13,000 வெள்ளி கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். மற்றவர் சிரம்பான் தம்பி. ஸ்டார்ட் செய்ததும் சத்தத்தை வைத்தே, “கேம் மாத்திருக்கீங்கண்ணே” என்று கண்டுபிடித்துவிட்டான். அப்படியே வேண்டும், ஒரு போல்ட்டைக்கூடத் தொடமாட்டேன் என்றான். அவனுக்கே கொடுக்கத்தான் மனம் துடித்தது. ஆனால் பெயர் மாற்ற புஸ்பாகோம் சோதனை உண்டு. ரோல் கேஜும் அந்த எக்ஸாஸ்டும் அங்கே எடுபடாது. யார் வாங்கினாலும் கொஞ்சமாவது கழற்றித்தான் ஆக வேண்டும். 13,000 வெள்ளியோ டெபாசிட்டில் பெரிய பங்கு. சேகரிப்பவருக்கே சரி என்றேன்.

மூன்று வாரக் கடைசிகள் பிடித்தன. கடைசியாகப் போட்டது முதலில் இறங்கியது. கேஜ் வெளியே வந்ததும் காடிக்குள் எதிரொலி நின்றுபோனது. பேப்பரைப் பிரித்துப் பழைய ஸ்பிரிங்கை மாட்டினோம். காடி இரண்டு விரல் உயர்ந்து நின்றது. எட்டு வருஷமாக நான் பார்க்காத உயரம். அங்கிள் ஒன்றும் பேசவில்லை, ரேடியோவை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். நல்ல காடிதான், லோட்டஸ்காரர்கள் சும்மா சம்பளம் வாங்கவில்லை. எனக்குத்தான் அதில் வேலை எதுவும் இல்லை.

உதிரிகள் காடியைவிட வேகமாகப் போயின. பிரேக் ஒரே மாலையில் விற்றது. கேமை வாங்கியது சிரம்பான் தம்பி. அவனிடம் இருப்பது புத்ரா, இன்ஜின் அதேதான். போன வாரம் நிகழ்ச்சிக்கு நடுவில் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பியிருந்தான். பாட்டு ஓடிக்கொண்டிருந்த மூன்று நிமிடத்தில் ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்த்தேன். ஐடில் அதிகமாக இருக்கிறது. கொஞ்சம் இறக்கச் சொல்லியிருக்கிறேன்.